குடியரசின் வெள்ளி நாணயமும் ஜகாத்தும்

இந்தியக் குடியரசு 1950-இல் வெளியிட்ட முதல் ரூபாய் வெள்ளியன்று, நிக்கல். நாணயம் சேகரிப்போர் விரும்பித் தேடும் குடியரசின் தொடக்ககால வெள்ளி, 1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி வந்த பத்து ரூபாயாகும். எடை 15 கிராம். அதில் வெள்ளி நூற்றுக்கு 80, அதாவது 12 கிராம்.

சேகரிப்பென்று பேழையில் வைப்பதால் வெள்ளிக்குரிய ஜகாத் நீங்காது. நிஸாபு 200 திர்ஹம். அதனை 595 கிராம் எனக் கொள்வோம். வேறு செல்வமில்லாதவர்க்கும் கணக்கு இதுவே: கலப்பைவிட வெள்ளி மிகுந்திருப்பின் முழு எடையும் வெள்ளியே என்பது ஹனபி மத்ஹபு, 40 நாணயங்களில் நிஸாபு நிறையும். தூய வெள்ளியை மட்டுமே ஷாபிஈ மத்ஹபு கணக்கிடும். 50 நாணயங்கள் வேண்டும்.

ஓராண்டு நிறைந்ததும் நாற்பதில் ஒரு பங்கு உரியவர்க்குச் சேரவேண்டும். நாணயத்தின் அருமை அவ்வுரிமையைக் குறைப்பதில்லை.