தூண்டிவிட்டவர் யார்?

நாட்டில் பெருங்காற்று அடிக்கும்போதெல்லாம் உழைப்பாளியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள். "உனக்கு ஏனப்பா அரசியல்? ஆலைக்குப் போ, கூலியை வாங்கு, குழந்தை குட்டியைக் கவனி!" என்பார்கள். அதையும் மீறி அவன் தெருவுக்கு வந்து நின்றுவிட்டால் இரண்டாவது கேள்வி பிறக்கும்: "இவனைத் தூண்டிவிட்டவர் யார்?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நூறாண்டுக்கு முன்பே விடை சொன்ன ஊர் தூத்துக்குடி. அந்த விடையை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் 1908ஆம் ஆண்டின் ஏட்டை இங்கே புரட்டுகிறோம்.

அன்றைய தூத்துக்குடியை முதலில் மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். இன்றுள்ள ஆழ்கடல் துறைமுகம் அன்று இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பஞ்சு மூட்டையும் அரிசி மூட்டையும் தோணியில் ஏறிப் போகும். தோணியில்தான் இறங்கி வரும். மூட்டையைச் சுமக்கிறவன் முதுகும் தோணியைத் தள்ளுகிறவன் தோளும்தான் அன்றைய துறைமுகம்! இன்னொரு பக்கம் உப்பளம். கால் வெடிக்க வெடிக்க உப்பு வாரும் மக்கள். கடலோரம் பரதவர் குடியிருப்பு. மூச்சை அடக்கி மூழ்கிச் சிப்பி அள்ளுகிறவன் பரதவன். வெள்ளையர் ஆட்சியில் நடந்த முத்துக்குளிப்பிலோ சர்க்காருக்கு இரண்டு பங்கு, மூழ்கியவனுக்கு ஒரு பங்கு! ஊருக்குள்ளே கோரல் ஆலை. ஹார்வி சகோதரர்கள் 1888இல் தொடங்கிய நூற்பாலை அது.

இவர்களுக்கெல்லாம் கவலைகள் இருந்தன. அவை எந்த மாநாட்டின் தீர்மானத்திலும் ஏறாத கவலைகள். கூலி போதவில்லை. ஓய்வு நாள் இல்லை. இயந்திரத்தருகே தவறு நேர்ந்தால் பிரம்படி. இந்த மண்ணில் பிழைப்பில்லாமல் கண்டிச்சீமைக்குக் கப்பலேறுகிறவர்களுக்குப் பயணத்தில் படாதபாடு. தெருவின் கவலைகள் இவை.

அதே காலத்தில் தேசத்தில் என்ன நடந்தது? 1905இல் கர்சன் வங்காளத்தை வெட்டினான். சுதேசி முழக்கம் எழுந்தது. அந்நியத் துணி நெருப்பில் விழுந்தது. 1907 டிசம்பரில் சூரத் நகரில் காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. திலகர் ஒரு பக்கம், மிதவாதிகள் மறுபக்கம். கல்கத்தாவிலும் பூனாவிலும் சூரத்திலும் அடித்த புயல் அது. அதற்கும் தூத்துக்குடித் தோணிக்காரனுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தத்தை உண்டாக்கியவர் ஒரு வழக்கறிஞர். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார்!

1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருமகனார் 2 லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். சாதி பார்த்துச் சேரவில்லை அந்தப் பணம். மதம் பார்த்துச் சேரவில்லை! 1907இல் 'காலியா', 'லாவோ' என இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அதுவரை அந்தக் கடலைத் தன் சொத்தென்று ஆண்டுகொண்டிருந்த வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைத் தடாலடியாகக் குறைத்தது. கடைசியில் சும்மாவே வா, குடையும் தருகிறோம் என்று பயணிகளை அழைத்ததாக ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சுதேசி என்பது வங்கத்தில் பிறந்த சொல். அது தூத்துக்குடிக்கு வந்ததும் என்ன உருக்கொண்டது? கப்பல் கட்டணமாயிற்று! கண்டிச்சீமைக்குப் போகிறவனின் மடியில் மிஞ்சும் அணாவாயிற்று! தேசத்தின் சொல் தெருவின் கணக்குக்குள் வந்தபோது தெரு காது கொடுத்தது.

அடுத்து வந்தது ஆலை.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வத்தலக்குண்டு தந்த சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். கடற்கரையில் மாலைதோறும் கூட்டம். சிவா பேசுவார், சிதம்பரனார் பேசுவார். மணலில் உட்கார்ந்து கேட்டவர்களில் கோரல் ஆலைத் தொழிலாளரும் இருந்தார்கள். பிப்ரவரி 27ஆம் நாள் ஆலை நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள்.

தோழர்களே, அந்த ஆண்டை மறந்துவிடாதீர்கள். 1908! திரு.வி.க.வும் வாடியாவும் நின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது 1918இல். தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926இல். ஆலையில் வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு கட்டிய சட்டம்கூட 1911இல்தான் வந்தது. ஆகவே 1908இல் வேலையை நிறுத்தியவனுக்குச் சங்கம் இல்லை. சட்டத்தின் காவல் இல்லை. நாளைய கஞ்சிக்கு வழி இல்லை. இருந்தது ஒன்றுதான்: பக்கத்தில் நிற்கிறவன்!

அந்தக் கஞ்சிக்கு வழி செய்தது ஊர். வேலைநிறுத்தக்காரர் பட்டினி கிடக்கலாகாது என்று சிதம்பரனார் தம் கைப்பொருளைச் செலவிட்டார். நகரத்தாரிடம் நிதி திரட்டினார். அவர்கள் கேட்டவை என்ன? கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, மற்ற விடுமுறை வசதிகள். வானத்தை வில்லாக வளைக்கச் சொன்னார்களா? ஞாயிற்றுக்கிழமை கேட்டார்கள்! மனைவி மக்களோடு உட்கார்ந்து சோறு உண்ண ஒரு பகல் கேட்டார்கள்!

ஒன்பது நாள் ஆலை நின்றது. ஹார்வி நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு கிடைத்தது. தொழிலாளர் தலை நிமிர்ந்து ஆலைக்குத் திரும்பினர்.

சர்க்காருக்கு அச்சம் பிறந்தது அப்போதுதான்! மேடையில் பேசுகிறவனைப் பற்றி எந்தச் சர்க்காரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பேச்சைக் கேட்டவன் எழுந்து நின்று, கேட்டதைப் பெற்றுக்கொண்டு, மறுநாளும் அதே கூட்டத்துக்கு வருகிறானே, அப்போதுதான் அதற்குத் தூக்கம் கெடுகிறது.

சிறையிலிருந்த வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் 1908 மார்ச் 9ஆம் நாள் விடுதலையானார். அந்த நாளைத் தடையை மீறிக் கொண்டாடினார்கள். மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் நெல்லை கொதித்தது. நகராட்சி அலுவலகத்திலும் அஞ்சல் நிலையத்திலும் தீ. சர்க்காரின் துப்பாக்கி நான்கு உயிரைக் குடித்தது.

தூத்துக்குடியில்? கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இந்த முறை கூலிக்காக அன்று! கேட்ட கூலி கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. வந்ததை இழக்க நேரிடும் என்று தெரிந்தும் வெளியே வந்தார்கள். தமக்காகச் சிறை சென்றவருக்காகத் தாம் தெருவுக்கு வந்தார்கள். கடைகள் அடைபட்டன. குதிரை வண்டி ஓடவில்லை. இறைச்சிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். சலவைத் தொழிலாளி வெளுக்க மறுத்தார். முடி திருத்துவோர் கத்தியைத் தீட்ட மறுத்தார்கள். நகராட்சித் துப்புரவுத் தொழிலாளரும் நின்றுவிட்டனர்.

முடி திருத்துவோரைப் பற்றி ஊரில் வழங்கும் செய்தி ஒன்றுண்டு. வழக்கறிஞர் ஒருவர் முகத்தில் சவரம் நடந்துகொண்டிருக்கிறது. பேச்சு சிதம்பரனார் பக்கம் திரும்புகிறது. வழக்கறிஞரோ சர்க்கார் பக்கம் பேசுகிறார். உனக்கேன் இந்த ஊர்வம்பு என்று தொழிலாளியை அதட்டுகிறார். அவ்வளவுதான். பாதிச் சவரத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து நடந்துவிட்டாராம் அந்தத் தோழர். வேறு ஒருவரும் மீதியைச் சிரைக்க வரவில்லையாம். பாதித் தாடியோடு வக்கீல் நெல்லைக்கு ரயிலேற வேண்டியதாயிற்றாம்!

இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நாமும் சிரிப்போம். ஆனால் சிரித்து முடித்தபின் எண்ணிப் பாருங்கள். எந்த மனிதனைத் திண்ணைக்கு மேலே ஏறவிடாமல் வைத்திருந்தார்களோ, எவன் வாய் திறந்தாலே குற்றம் என்று சாத்திரம் பேசினார்களோ, அவன் எழுந்தான்! கையிலிருந்த கத்தியால் ஒரு கீறலும் போடவில்லை. கத்தியை மடக்கி வைத்தான், அதுவே போராட்டமாயிற்று. அவனுக்கு அரசியல் கற்றுக்கொடுக்க எந்தப் பள்ளியும் கதவு திறந்ததில்லை. ஆனாலும் தன் தொழில் ஒரு வல்லமை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இதற்குப் பின் நான்கு மாதம் கழித்து, 1908 சூலையில், திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதித்தபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாள் வேலையை நிறுத்தினர். உலகம் அதைப் பாராட்டிற்று, பாராட்டத்தக்கதே. ஆனால் தலைவர் ஒருவருக்காகத் தொழிலாளர் ஆலையை நிறுத்தும் வழியைத் தென்கோடித் தூத்துக்குடி மார்ச்சிலேயே காட்டிவிட்டது. அதை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகம் எத்தனை வரியில் சொல்கிறது?

சர்க்கார் கணக்குத் தீர்த்த விதத்தையும் பாருங்கள். 1908 சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரச நிந்தனைக்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உதவியதற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. ஒரு மனிதனுக்கு இரண்டு ஆயுள்! சிவாவுக்குப் பத்தாண்டு. உயர்நீதிமன்றம் பிறகு தண்டனையைக் குறைத்தது. சிறையில் செக்கிழுத்த சிதம்பரனார் 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவர் கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

தலைவருக்குச் செக்கு. தெருவுக்கு? தண்டக் காவல்! கூடுதல் போலீசைக் கொண்டுவந்து ஊரில் நிறுத்தி, அதற்கான செலவைத் தூத்துக்குடி, நெல்லை மக்களிடமே வரியாக வாங்கினார்கள். அடிக்க வந்த தடிக்கு அடிபட்டவனே விலை கொடுக்க வேண்டும் என்ற நியாயம்! தலைவரின் தண்டனை நூல்களில் இருக்கிறது. தெரு கட்டிய தண்டத்தை யார் நினைக்கிறார்கள்?

'தூண்டிவிட்டார்கள்' என்பதுதான் அன்றைய வழக்கின் சாரம். சிதம்பரனாரும் சிவாவும் பேசாதிருந்தால் ஆலைத் தொழிலாளி வாய்மூடிக் கிடந்திருப்பான் என்பது துரைமார் நினைப்பு. நாம் கேட்கிறோம்: பிரம்படி அவன் முதுகில் விழவில்லையா? ஓய்வில்லாத வாரம் அவன் உடம்பில் ஏறவில்லையா? விளக்கை ஏற்றியவர்கள் அந்த இருவர், மறுக்கவில்லை. எண்ணெய் யாருடையது? திரி யாருடையது?

அந்தப் பழைய சொல் வெள்ளையனோடு கப்பலேறிவிடவில்லை. அதே தூத்துக்குடியில், 110 ஆண்டுகள் கழித்து, மக்கள் காற்றைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்டார்கள். தாமிர உருக்காலையின் புகை எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றார்கள். குமரெட்டியாபுரம் என்ற சிற்றூரில் தொடங்கிய குரல் அது. போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22. ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள்மீது துப்பாக்கி முழங்கிற்று. பதின்மூன்று பேர் பலியாயினர். வெள்ளையனின் துப்பாக்கி அல்ல அது. நம் வரிப்பணத்தில் வாங்கிய துப்பாக்கி! அப்போதும் வந்தது அதே கேள்வி: தூண்டிவிட்டவர் யார்? மூச்சுத் திணறுகிறவனுக்கு மூச்சுத் திணறுகிறது என்று வெளியூர்க்காரன் வந்தா சொல்ல வேண்டும்?

தோழர்களே! இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. தெருவைக் குறைத்து மதிப்பது ஆள்வோரின் நோய் மட்டுமன்று. மேடையேறும் நம்மையும் அது தொற்றக்கூடும். நாட்டு நிலைமை, உலக நிலைமை என்று மூன்று மணி நேரம் முழங்கிவிட்டு, கூட்டம் நடந்த தெருவில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்காமல் வீடு திரும்பினால், அந்தத் தெரு நமக்காக ஏன் கடையடைக்க வேண்டும்? சிதம்பரனாருக்காகத் தூத்துக்குடி கதவடைத்தது அவர் நன்றாகப் பேசினார் என்பதற்காகவா? அவர் பேச்சில் அவர்களின் ஞாயிற்றுக்கிழமை இருந்தது! அவர் கப்பலில் அவர்களின் கட்டணம் இருந்தது!

இன்று அந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயர். 2011 முதல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம். பொருத்தமான பெருமை, வரவேற்கிறோம். ஆனால் ஒன்பது நாள் பட்டினியை எதிர்கொண்ட நூற்பாலைத் தொழிலாளிக்கு அங்கே பெயர்ப்பலகை இல்லை. கத்தியை மடக்கிய தோழரின் பெயரோ நம் யாருக்கும் தெரியாது.

பெயர் தெரியாத அவர்களுக்கு நாம் சிலை வைக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த கூட்டத்துக்குக் கொடி கட்டப் போகும் தோழர்கள், கட்டுவதற்கு முன் அந்தத் தெருவில் நான்கு வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். கூலி என்ன, வாடகை என்ன, ஓய்வு உண்டா, தண்ணீர் உண்டா என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்துக்கொண்டு வந்து பேச்சாளர் கையில் கொடுங்கள். பேச்சு அதிலிருந்து தொடங்கட்டும்!