பெயர் எழுதப்பட வேண்டும்

வாழைச்சேனை என்றதும் பலருக்கு அங்குள்ள கடதாசி ஆலையே நினைவுக்கு வரும். 1950களில் தோன்றிய அவ்வாலையில் வயல்களின் வைக்கோல் கடதாசியாயிற்று. எழுதவும் படிக்கவும் உதவும் அக்கடதாசி மனிதனின் சுதந்திரத்தையும் காக்க வல்லது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

1937ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்றைக் கேளுங்கள். தோட்டத் தொழில் பழக இலங்கைக்கு வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளையர், தொழிலாளர் பக்கம் நின்று பேசலானார். தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸும் சக நீதியரசர்களும் அவ்வுத்தரவு செல்லாதெனத் தீர்த்து அவரை விடுவித்தனர். மன்னரின் பிரதிநிதியேயாயினும் சட்டத்துக்குக் காரணம் காட்டியே தீரவேண்டும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

இனி, நம் அயலுக்கு வருவோம். வாழைச்சேனைக்குத் தெற்கே, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 1990ஆம் ஆண்டில் ஏராளமான மக்கள் தஞ்சமடைந்திருந்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி அவர்களுள் 158 பேரை இராணுவத்தினர் கொண்டு சென்றனர். எந்த நீதிபதியின் முன்னும் அவர்கள் நிறுத்தப்படவில்லை, வீடு திரும்பவுமில்லை. ஆயுதம் தாங்கிய இயக்கங்கள் பிள்ளைகளைக் கொண்டு சென்ற நாட்களிலும் பெற்றோர் முறையிட ஒரு மன்று இருக்கவில்லை. துப்பாக்கி யார் கையில் இருந்தாலும், கேட்பாரில்லையேல் விளைவு ஒன்றே.

நாட்டைக் காக்க அதிகாரம் வேண்டாமா எனச் சிலர் வினவுவர். வேண்டும், வேலியில்லாப் பயிர் நிலையாது. ஆயினும் வேலியே பயிரை மேயாதிருக்கக் காவல் வேண்டுமன்றோ? கைதுக்கான காரணத்தைக் கைதாகுபவருக்குச் சொல்லவேண்டும் என்றும், அவரைச் சட்டப்படி நீதிபதியின் முன் நிறுத்தவேண்டும் என்றும் நமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை விதிக்கின்றது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ ஒருவர் கைதானால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறிற்று.

சட்டம் ஏட்டில் உறங்குமாயின் பயனில்லை. பிரேஸ்கேர்டிலுக்காக வழக்காட மனிதர் முன்வந்தமையாலேயே நீதிமன்றம் பேசிற்று. ஆகவே, மாணவச் செல்வங்களே, ஒருவர் கொண்டு செல்லப்படும்போது "யார் கொண்டு செல்கிறார்கள்? எங்கே? எதற்காக?" எனக் கேட்கவும், விடையைக் கடதாசியில் குறித்து வைக்கவும் பழகுங்கள். எழுதப்பட்ட பெயரை மறைப்பது எளிதன்று.