சித்திரத் தொடர்களும் அவற்றை விநியோகித்த ஸ்தாபனங்களும்

கொழும்பிலிருந்து காங்கேசன்துறைப் புகைவண்டியில் வந்திறங்கிய பத்திரிகையை, கீரிமலைக் கேணியில் முழுகிய பின் மடத்துத் திண்ணையிலிருந்து வாசித்த பெரியவரும், அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த பேரப்பிள்ளையும் ஒருமிக்க நாடிய பகுதி, நாலைந்து கட்டங்களில் ஓடும் சித்திரத் தொடரேயாகும். எங்கோ நியூயோர்க்கில் வரையப்பட்ட சித்திரம், சில சதம் கொடுத்து வாங்கிய அப்பத்திரிகைக்கு எவ்வாறு கிடைத்தது?

ஹேர்ஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை அதிபருக்காக மோசஸ் கோனிக்ஸ்பேர்க் அமைத்து, 1915இல் இயங்கத் தொடங்கிய கிங் ஃபீச்சர்ஸ் போன்ற ஸ்தாபனங்கள், ஓவியரிடம் ஒரு முறை பெற்ற சித்திரத்தை நூற்றுக்கணக்கான பத்திரிகைகளுக்கு விற்றன. விற்பனைத் தொகைக்கு ஏற்பப் பெரிய பத்திரிகை அதிகமாகவும் சிறியது குறைவாகவும் கட்டணம் செலுத்தியது. லீ ஃபால்க் படைத்த மந்திரவாதி மாண்ட்ரேக் 1934இலும், நம்மவர் வேதாளர் என்றும் மாயாவி என்றும் அறிந்த முகமூடி வீரர் 1936இலும் இவ்வழியாகவே உலகஞ் சுற்றப் புறப்பட்டனர்.

அக்காலத்தில் இவ்வியாபாரத்தின் உயிர்நாடியாக விளங்கியது ஓர் அட்டை. சித்திரத்தை நிழற்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, அத்தகட்டின் மேல் ஈரமான காகிதக்கூழ் அட்டையை வைத்து அழுத்தினால், கோடுகள் யாவும் அதிற் குழிந்து பதியும். உலர்ந்த அட்டையோ தபாலில் அனுப்பத்தக்க அளவு இலேசானது. அதனைப் பெற்ற அச்சகத்தார் உருக்கிய ஈயக் கலவையை அதன்மேல் வார்த்த மாத்திரத்தில் அச்சுத் தகடு ஆயத்தமாகிவிடும். தமிழில் வெளியிடுவதற்கோ, அச்சுப் பிரதியிலுள்ள ஆங்கில வசனத்தை வெள்ளை மையால் மறைத்து, பேச்சுக் குமிழுக்குள் அடங்குமாறு தமிழைச் சுருக்கிக் கையால் எழுதிப் புளொக் எனப்படும் புதிய அச்சுத் தகடு செய்ய வேண்டியிருந்தது. இடம் போதாமையால் எழுத்துகள் குமிழின் விளிம்போடு நெருங்கி நிற்பதைப் பழைய இதழ்களிற் கூர்ந்து நோக்குவோர் காணலாம். அவ்வாறு கையால் எழுதிய, பெயரறியாதவர்களின் திறமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

செலவு பலர் தலையில் பகிரப்பட்டதனால், வெளிநாட்டிலிருந்து வந்த சித்திரம் மலிவாயிற்று. உள்ளூர் ஓவியருக்கு ஊதியம் கொடுப்பதோ பத்திரிகைக்குப் பாரமாகத் தோன்றியது. இந்நிலையிலேதான், பம்பாயிற் கல்வி பயின்று மீண்ட கரவெட்டியைச் சேர்ந்த ஓவியர் சிவஞானசுந்தரம், ‘தினகரன்’ பத்திரிகையிற் சவாரித் தம்பர் என்னும் சித்திரப் பாத்திரத்தை உலவவிட்டார். யாழ்ப்பாணத்துக் கிராமத்தவரின் நடையையும் பேச்சையும் கொண்ட அம்மனிதரை எந்த நியூயோர்க் ஸ்தாபனமும் அட்டையில் வார்த்து அனுப்பியிருக்க முடியாது. பின்னர் சிவஞானசுந்தரம், தாமே ஆசிரியராகவும் ஓவியராகவுமிருந்து, ‘சிரித்திரன்’ சஞ்சிகையை முதலிற் கொழும்பிலும் பின்பு யாழ்ப்பாணத்திலும் நடத்தினார்.