விறகு வாயுவில் ஓட எந்த வண்டி?

எரிதல் பாடம் நடத்தும்போது மாணவர்களிடம் நான் கேட்பது இது: விறகு வாயுவில் ஓட்ட ஒரு பிக்கப் வண்டி வாங்கினால், எப்படிப்பட்டதை வாங்குவீர்கள்?

இது கற்பனைக் கேள்வி அன்று. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படி ஓடின. நம் சென்னை மாகாணத்திலும் கரிவாயுப் பேருந்துகள் ஓடின.

கலனில் விறகைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். இவை எஞ்சினில் எரியும். ஆனால் அந்த வாயுவில் ஏறத்தாழப் பாதி, காற்றோடு வந்த நைட்ரஜன்; அது எரியாது. ஆகவே எஞ்சின் திறன் 30 முதல் 50 சதவீதம் வரை குறையும்.

விடை இதிலிருந்தே கிடைக்கும். கொள்ளளவு பெரிய எஞ்சின் வேண்டும். பெட்ரோல் எஞ்சினே ஏற்றது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாததால், பற்றவைக்கச் சிறிது டீசலும் தேவைப்படும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியை மாற்றுவது எளிது. கலன், குளிர்விப்பான், வடிகட்டி, விறகு எல்லாவற்றுக்கும் பின்தளத்தில் இடம் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகச் சுமார் 3 கிலோ காய்ந்த விறகு செலவாகும்.

"மாதிரி செய்யலாமா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை; ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணையும். குளிருக்காக அறையை மூடி, கரி அடுப்பை வைத்துத் தூங்குபவர்கள் இறப்பதும் இதே வாயுவால்தான். அதை வீட்டில் சொல்லுங்கள் என்பதே நான் தரும் வீட்டுப்பாடம்.