உங்களுக்குத் தெரியுமா? சுவருக்குள்ளே இத்தனை சங்கதியா!

உங்கள் வீட்டு வெள்ளைச் சுவர் எதிலிருந்து வந்தது? கறுப்பு மணலிலிருந்து! மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தால் காலில் ஒட்டிக்கொள்ளுமே, அந்தக் கருமணலேதான். அதிலுள்ள இல்மனைட்டைப் பிரித்து, அமிலத்தில் கரைத்து, சுட்டு எடுத்தால் வெள்ளை வெளேரென்று டைட்டானியம் டை ஆக்ஸைடு. இது இல்லாமல் இன்றைக்கு நல்ல வெள்ளை பெயிண்டே இல்லை!

வைரம் ஒளியை வளைக்கும் அளவு 2.42. ரூட்டைல் என்கிற டைட்டானியம் வெள்ளை வளைக்கும் அளவு 2.7! ஆமாம், உங்கள் ஹால் சுவரில் இருப்பது வைரத்தையே மிஞ்சிய சரக்கு. அதனால்தான் மெல்லிய ஒரு கோட்டிலேயே பழைய கறை காணாமல் போகிறது!

இந்த வெள்ளையை இந்தியாவில் முதலில் தயாரித்த ஊர் எது? மும்பை இல்லை, கொல்கத்தா இல்லை. நெய்யாற்றின்கரை பக்கத்துச் செங்கல் என்ற நம் ஊர்க்காரர்கள் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய கொச்சுவேளி! திருவாங்கூர் டைட்டானியம் கம்பெனி அங்கே தொடங்கிய ஆண்டு 1946.

அதே 1946-ல் திருவாங்கூரில் இன்னொரு கம்பெனியும் பிறந்தது; பிற்பாடு அது வெள்ளை சிமெண்டுக்குப் பேர் வாங்கியது. கோட்டயத்தில் திருவாங்கூர் சிமெண்ட்ஸ்! வெள்ளை சிமெண்டுக்கு மூலப்பொருளாக இருந்தது வேம்பநாட்டுக் காயலின் அடியில் கிடந்த சிப்பி ஓடு. ஒரு வெள்ளை கடல் மணலில், ஒரு வெள்ளை காயல் சேற்றில். ஒரே ஆண்டில் இரண்டு கம்பெனி!

கருமணலின் மதிப்பை உலகுக்குக் காட்டியது ஒரு கயிறு! திருவாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார் ஷோம்பர்க் என்ற வேதியியலாளர். ஆண்டு 1909. அவருக்கு வேண்டியிருந்தது கேஸ் விளக்கு மேன்டிலுக்கான மோனசைட். பக்கத்திலேயே கிடந்த இல்மனைட்டை அன்றைக்குச் சீந்துவார் இல்லை!

சரி, இனி வெயிலுக்கு வருவோம். பெயிண்ட் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று சொல்வார்கள்: வடக்கு பார்த்த அறைக்கு வெயிலே வராது, ஆகவே மஞ்சள், ஆரஞ்சு மாதிரி சூடான நிறம் அடியுங்கள் என்று. லண்டனுக்குச் சரி. செங்கல் ஊருக்கு? சுத்தமாகச் சரியில்லை!

ஏன் தெரியுமா? நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை எல்லாம் பூமத்திய ரேகையிலிருந்து சுமார் எட்டேகால் டிகிரியில் இருக்கின்றன. சித்திரை பிறக்கும் நேரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை, உச்சிப்பொழுதில் சூரியன் நேர் மண்டைக்கு மேலே! அன்றைக்கு நட்டுவைத்த கம்புக்கு நிழலே கிடையாது!

இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் சூரியன் எங்கே நிற்கிறான்? வடக்கே! ஏறக்குறைய நாலரை மாதம், நண்பகல் வெயில் உங்கள் வடக்குச் சுவரில்தான். ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 15 டிகிரி வடக்கே சாய்ந்திருப்பான். டிசம்பரில் தெற்கே 32 டிகிரி. இரண்டு பக்கமும் வெயில் வாங்கும் வீட்டுக்கு லண்டன் ஷேட் கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

அதிலும் வேடிக்கை பாருங்கள். வடக்குச் சுவருக்கு வெயில் வரவேண்டிய அந்த நாலரை மாதத்தில் பெரும்பகுதி இடவப்பாதி மழைக்காலம்! வானம் மூடிக்கொள்கிறது. மேக வெளிச்சத்தில் நீலம் தூக்கல். சுத்த வெள்ளைச் சுவர் ஆடி மாத மத்தியானத்தில் சாம்பல் பூத்துத் தெரியும். அதே இடத்தில் சந்தன நிறம் இருந்தால் அறை உம்மென்று இருக்காது. மீனத்து வெயிலிலும் அது கண்ணைக் கூசவைக்காது. வருஷம் முழுக்கக் கைகொடுக்கும் ஒரே ஷேட் கேட்டால், என் ஓட்டு சந்தனத்துக்குத்தான்!

வீட்டில் அதிக வெயிலை வாங்குவது எந்தச் சுவர்? எந்தச் சுவரும் இல்லை, மொட்டை மாடி! ஆனால் பெயிண்டர் கணக்குப் போடும்போது கடைசியாக நினைவுக்கு வருவதும் அதுதான். முன்வாசலுக்கு மூன்று கலர் அடிப்போம், மாடித் தளத்தைப் பாசி பிடிக்க விடுவோம்!

சாதாரண வெள்ளை பெயிண்ட் சூரிய ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். 2021-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் ஒரு வெள்ளை செய்தது. பேரியம் சல்பேட் கலந்தது. அது திருப்பி அனுப்பியது 98.1 சதவீதம்! நேர் வெயிலில் வைத்தாலும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து நின்றது. கரண்ட் இல்லாமல்!

இப்போது ஒரு குண்டு போடுகிறோம். அறைக்குள்ளே நீங்கள் அடிக்கும் நிறம் தெர்மாமீட்டரை அசைப்பதே இல்லை! சிவப்போ, நீலமோ, பிஸ்தா பச்சையோ, எந்தப் பெயிண்டும் அறைச் சூட்டை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உமிழ்கிறது. சுமார் 90 சதவீதம். வெளிச் சுவரின் நிறம் வெயிலை மாற்றும். உள்சுவரின் நிறம் உங்களை மாற்றும்!

"சூடான" மஞ்சள் பல்பின் எண் 2700 கெல்வின். "குளிர்ந்த" வெள்ளை பல்பின் எண் 6500 கெல்வின். எண் ஏற ஏற, கண்ணுக்குக் குளிர்ச்சி! இரும்பைச் சுட்டுப் பாருங்கள். முதலில் சிவப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம்தான் வெள்ளை. வானத்தில் கொதிப்பு அதிகமான நட்சத்திரங்கள் எல்லாம் நீலம். நம் மனசு மட்டும் நீலத்தைப் பார்த்துப் போர்வை தேடுகிறது!

மழைநாளில் அறை கதகதப்பாக வேண்டுமா? சுவரைச் சுரண்டாதீர்கள். ஹாலில் ஒரே ஒரு 2700 கெல்வின் பல்பு மாட்டுங்கள். பத்து லிட்டர் பெயிண்டின் வேலையை அது ஒரே ஸ்விட்ச்சில் முடிக்கும்!

பகலில் ஜொலித்த செங்காவிச் சுவர், அந்தி சாய்ந்ததும் கறுத்துப்போகும். பக்கத்தில் இருக்கும் பச்சையும் நீலமும் அப்போதுதான் துலங்கும்! இருட்ட இருட்ட நம் கண் அதிகம் உணரும் ஒளியின் அலைநீளம் 555 நானோமீட்டரிலிருந்து 507-க்கு இறங்குகிறது. தோட்டத்துச் சிவப்புப் பூவில் இதைக் கவனித்தவர் செக் நாட்டு புர்கினியே. 200 ஆண்டுகளுக்கு முன்பு! ஷேட் கார்டைப் பெயிண்ட் கடைக்குள் பார்த்து முடிவு செய்யாதே என்று மேஸ்திரிகள் சொல்வது சும்மா இல்லை.

அறை உயரமாகத் தெரிய, கூரை வெளிறியும் சுவர் அடர்ந்தும் இருக்க வேண்டும் என்பார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010-ல் இதைச் சோதித்தார்கள். கூரை வெளிறினால் உயரம் கூடியது, சரி. சுவரும் வெளிறினால்? இன்னும் கூடியது! தரையின் நிறம்? ஒரு மாற்றமும் இல்லை!

1979-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறை அறைக்கு ரோஸ் நிறம் அடித்தார்கள். கைதிகள் சாந்தமாகிவிட்டார்கள் என்று உலகமெல்லாம் பேச்சு. சிறைகள் வரிசையாக ரோஸ் ஆயின. பிற்பாடு கட்டுப்பாட்டோடு சோதித்தபோது சாந்தத்தைக் காணோம்! நிறத்தால் நோய் தீரும், கோபம் தீரும் என்று யாராவது சொன்னால், இந்தச் சிறையை ஞாபகம் வையுங்கள்.

நனைந்த சுண்ணாம்புச் சுவர் எந்த நிறம்? ஏறக்குறைய நிறமே இல்லை! அடித்த கையோடு பார்த்தால் பெயிண்டர் ஏமாற்றிவிட்டானோ என்று தோன்றும். காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். எமல்ஷன் நேர் எதிர். ஈரத்தில் வெளிறி, காய்ந்தால் அடரும்!

சுட்ட சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் ஊற்றினால், அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும்! அந்தச் சுண்ணாம்பு சுவரில் ஏறியதும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடைக் குடித்து மறுபடி கல்லாகும். காரத்தன்மை 12-க்கும் மேல். மழைக்காலப் பூஞ்சை கிட்டே வராது. நாலு கோட் பளபளப்பு பெயிண்டுக்குப் பின்னால் பூஞ்சை வளர்க்கும் இன்றைய வீடுகளைப் பார்த்தால், பாட்டி காலத்து வெள்ளையடிப்பு ஒன்றும் மட்டமில்லை!

வெள்ளையடிக்கும் வாளியில் ஒரு சிட்டிகை நீலம் போடுவார்களே, எதற்கு? சுவரை நீலமாக்க இல்லை. சுண்ணாம்பின் மஞ்சளை அடித்து வீழ்த்த! வேட்டிக்குப் போடும் அதே வித்தை.

எல்லையைத் தாண்டி தக்கலைப் பக்கம் போங்கள். பத்மநாபபுரம் அரண்மனை! நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரள அரசு. மந்திராலோசனை மண்டபத்து ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. வண்ண மைக்கா! வெயிலையும் தூசியையும் வெளியே நிறுத்திவிட்டு நிறத்தை மட்டும் உள்ளே விட்டார்கள். ஏசி வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பு!

அதே அரண்மனையின் கறுப்புத் தரையில் முகம் பார்க்கலாம். சேர்மானம் என்ன சொல்கிறார்கள்? சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு! மதியத்தில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள், பாதம் சில்லென்று நன்றி சொல்லும்.

உப்பரிகை மாளிகையின் மேல்மாடிச் சுவர் முழுக்க ஓவியம். கேரளச் சுவரோவியத்தின் சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்து. கறுப்பு, எண்ணெய் விளக்கின் புகைக்கரி. பச்சைக்கு நீலமரி இலையும் மஞ்சள் பிசினும். கடைக்குப் போகாமல் நாலு நிறம்!

அந்தச் சிவப்பு மண்ணுக்கு வருவோம். நம் ஊரில் வெட்டி எடுத்து வீடு கட்டும் வெட்டுக்கல் இருக்கிறதே, அதற்கு 'லேட்டரைட்' என்று உலகமே சொல்லும் பெயரை வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். ஆண்டு 1807. இடம் மலப்புறத்து அங்காடிப்புறம்! கல்லுக்கு அங்கே நினைவுச்சின்னமே நட்டிருக்கிறார்கள்!

மண் சிவப்பை மனிதன் எப்போது குழைக்கத் தொடங்கினான்? தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில், கடற்சிப்பிக்குள் செங்காவி குழைத்த பட்டறையே கிடைத்தது. வயது 1,00,000 ஆண்டு!

ரெட் ஆக்ஸைடு தரை போட்ட பழைய வீட்டில் வெள்ளைச் சுவரின் அடிப்பாகத்தை உற்றுப் பாருங்கள். லேசான ரோஸ்! யாரும் அடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் தரையில் பட்டு எகிறி அந்த நிறத்தைச் சுவருக்குக் கொடுக்கிறது. இலவச கலர்!

பெயிண்டே வேண்டாம் என்று ஒருவர் வாழ்ந்து காட்டினார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்! பிறந்தது பர்மிங்காம், 1917. வாழ்ந்தது திருவனந்தபுரம். செங்கலுக்கு மேல் பூச்சும் இல்லை, வண்ணமும் இல்லை. தம்பானூர் பஸ் நிலையத்துப் பக்கம் சுருள் சுருளாக ஏறும் செங்கல் காபி ஹவுஸில் ஒரு கட்டன் காபி குடித்தால் கதகதப்பு என்றால் என்ன என்று புரிந்துவிடும். பத்மஸ்ரீ 1990!

நம் செங்கல் ஊரில் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் ஒரு வேலை இருக்கிறது. மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலின் சிவலிங்கம். உயரம் 111.2 அடி! உள்ளே எட்டு நிலை! அதற்கு ஒரு கோட் அடிக்கக் கொட்டேஷன் கேட்டால் நம் பெயிண்டர் போனை எடுப்பாரா என்பது சந்தேகம்!

வீட்டு பெயிண்டில் ஈயம் எவ்வளவு இருக்கலாம்? 2017 நவம்பர் முதல் பத்து லட்சத்தில் 90 பங்குதான்! பழைய கோட்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கடைசியாக, நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லும் ஒன்று. சூரிய சக்தியில் பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. ஆகவே ஒரே மாதிரி தெரியும் இரண்டு நீலத்தில் ஒன்று கொதிக்கும், ஒன்று குளிர்ந்திருக்கும்! அப்படிக் குளிர்ந்திருக்கும் நீலத்தைக் கண்டுபிடித்தவர் சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கிய மாஸ் சுப்பிரமணியன்! அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் தேடியது எலெக்ட்ரானிக்ஸுக்கு ஒரு பொருள். இட்ரியம், இண்டியம், மாங்கனீசு கலந்து மாணவர் உலையில் வைத்தார். வெளியே வந்தது கண்ணைப் பறிக்கும் நீலம். 2009!

அதற்கு முன் பேர் வாங்கிய நீலங்களில் ஒன்று எது? கோபால்ட் நீலம், 1802. இடையில் போனது 207 ஆண்டு!