மின்சாரம் இல்லாமல் ஹெவி மெட்டல்!

'ஹெவி மெட்டல்' என்றதும் ஈயம், பாதரசம் என்று வேதியியல் பாடத்துக்குப் போய்விடாதீர்கள். மின் கிட்டாரும் முரசும் முழங்கும் ஒரு மேலைநாட்டு இசைவகையின் பெயர் அது. 1981-இல் அமெரிக்காவில் தோன்றிய மெட்டாலிக்கா குழு இதில் உலகப் புகழ் பெற்றது.

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், சிபேலியஸ் இசைக் கல்லூரியில் பயின்ற செல்லோ கலைஞர்கள் நால்வர் 1993-இல் 'அப்போகலிப்டிகா' என்ற குழுவை அமைத்தனர். செல்லோ என்பது வயலினின் பெரிய அண்ணன். தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிக்கப்படுவது. 1996-இல் இவர்கள் மெட்டாலிக்காவின் எட்டுப் பாடல்களைச் செல்லோக்களால் மட்டுமே வாசித்து வெளியிட்டனர். முரசு இல்லை, பாடகர் இல்லை, மின் கிட்டாரும் இல்லை. ஆயினும் அந்த முரட்டு முழக்கம் இருந்தது! இது எப்படி?

முதலில் மின் கிட்டாரைப் பார்ப்போம். மீட்டிய தந்தியின் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். ஆனால் அதன் மின்குறியை மின்பெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் செலுத்தினால், பெருக்கி அலையின் முகடுகளையும் அகடுகளையும் வெட்டிவிடுகிறது. வழவழப்பான சைன் அலை ஏறத்தாழச் சதுர அலையாகிறது. இதன் விளைவுகள் இரண்டு. ஒன்று, புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் எனில், சதுர அலையில் 300, 500, 700 ஹெர்ட்ஸ் அதிர்வுகளும் கலந்திருக்கும். மற்றொன்று, தந்தியின் அதிர்வு தளர்ந்தாலும், முகடுகள் வெட்டப்படும் வரை ஒலியின் உரப்பு அதிகம் குறைவதில்லை. பொறியாளர்கள் குறையாகக் கருதும் இந்தத் 'திரிபு'தான் ஹெவி மெட்டலின் உயிர்.

இனி செல்லோவுக்கு வருவோம். வில்லிலுள்ள குதிரை மயிரில் ரோசின் என்னும் மரப்பிசின் தடவப்பட்டிருக்கும். வில்லை இழுக்கும்போது தந்தி அதனுடன் ஒட்டிச் சிறிது தூரம் செல்கிறது, சட்டென்று நழுவித் திரும்புகிறது, மீண்டும் ஒட்டுகிறது. நிலை உராய்வு, நழுவும்போதுள்ள உராய்வைவிட மிகுதி என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதன் விளைவே இது. மிகத் தாழ்ந்த தந்தியில் இந்நிகழ்ச்சி நொடிக்குச் சுமார் 65 முறை நிகழ்கிறது. தந்தியைத் தாங்கும் பாலத்தின் மீது அது செலுத்தும் விசையை வரைபடமாக வரைந்தால், இரம்பப் பற்கள் போல் தோன்றும். இவ்வலையில் அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4, 5 மடங்குகள் யாவும் உண்டு. வில் ஓடும்வரை ஆற்றல் ஊட்டப்படுவதால் ஒலியும் தேய்வதில்லை. மின்பெருக்கி செய்த இரு வேலைகளையும் வில்லே செய்துவிடுகிறது!

வில்லால் இயங்கும் தந்தியின் இவ்வசைவை 19-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதற்கு விரிவான இயக்கவியல் கொள்கையை 1918-இல் வெளியிட்டவர் யார் தெரியுமா? திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சர் சி. வி. இராமன்தான்!

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஹெவி மெட்டலில் மிகுதியாக வரும் 'பவர் கார்டு', நம் இசையின் சட்ஜமும் பஞ்சமமும் போல 2:3 விகிதத்திலுள்ள இரு சுரங்களின் சேர்க்கை. செல்லோவின் அடுத்தடுத்த தந்திகள் இதே விகிதத்தில்தான் சுருதி கூட்டப்படுகின்றன. முதலிரண்டும் ஏறத்தாழ 65, 98 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தாழ்ந்த தந்தியோ 82 ஹெர்ட்ஸ்.

அப்படியானால் செல்லோவை மென்மையான வாத்தியம் என்கிறோமே, ஏன்? வில்லை இலேசாக ஓட்டினால் உயர் மேற்சுரங்கள் அடங்கியிருக்கும். பாலத்தருகே அழுத்தி இழுத்தால் அவை சீறி எழும். மென்மையும் முரட்டுத்தனமும் வாத்தியத்தில் இல்லை. வாசிப்பவரின் கையில் இருக்கின்றன. அடுத்த முறை ஓர் இசையை 'வெறும் இரைச்சல்' என்று ஒதுக்குமுன், அதில் எந்தெந்த மேற்சுரங்கள் ஒலிக்கின்றன என்று சற்றே காதுகொடுத்துக் கேளுங்கள்.