நால்வர் எழுதிய நாடு

ஒரு கதையை ஒருவரே எழுதி முடிப்பது வழக்கம். ஒருவர் தொடங்க, மற்றவர் வளர்க்க, மூன்றாமவர் போக்கை மாற்ற, இவ்வாறு பலர் முறைவைத்து எழுதும் கதைகளும் உண்டு. அதற்குக் கற்பனைத் திறன் மட்டும் போதாது. தாம் பேணி வளர்த்த வீரனை மற்றவர் ஒரே வரியில் வீழ்த்திவிட்டாலும், அதனை ஏற்றுக்கொண்டு மேலே எழுதும் பெருமனம் வேண்டும். இப்பாடத்தைத் தம் இல்லத்திலேயே கற்ற நான்கு குழந்தைகளின் வரலாறு, மக்கட்பேறு பெற்ற குடும்பத்தார் யாவரும் அறியத்தக்கது.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஹாவொர்த் என்னும் மலைப்பாங்கான ஊரில், 1820 முதல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவாகப் பணியாற்றியவர் பாட்ரிக் பிராண்டே. அயர்லாந்தில் பிறந்தவர். அச்சபையின் குருக்கள் இல்லறத்தாராகவும் வாழலாம் ஆதலின், அவருக்கு மனைவியும் ஆறு மக்களும் இருந்தனர். 1821 செப்டம்பரில் மனைவி மறைந்தார். கடைக்குட்டி ஆனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தாயின் தமக்கை வந்திருந்து குழந்தைகளைப் பேணினார். நான்கு ஆண்டுகளுக்குள் அடுத்த இடி விழுந்தது. விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட மூத்த பெண்கள் மரியாவும் எலிசபெத்தும் காசநோயுற்று வீடு திரும்பி, 1825 மே, ஜூன் மாதங்களில் அடுத்தடுத்து இறந்தனர். ஒருத்திக்கு வயது பதினொன்று, மற்றவளுக்குப் பத்து. எஞ்சியவர்கள் சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் ஆகிய நால்வர். பிரான்வெல் ஒருவனே ஆண்பிள்ளை.

1826 ஜூன் மாதத்தில், லீட்ஸ் நகருக்குச் சென்று திரும்பிய தந்தை, மகனுக்காக ஒரு பெட்டி மரப்பொம்மை வீரர்களை வாங்கி வந்தார். பன்னிரு வீரர்கள். மறுநாள் காலையில் பிரான்வெல் அவற்றைச் சகோதரிகளிடம் கொண்டு ஓடினான். சார்லட் ஒன்றைப் பற்றிக்கொண்டு அதற்கு வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டினாள். பிரான்வெல் தன் வீரனுக்கு நெப்போலியனின் பெயரிட்டான். எமிலியும் ஆனும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டனர். தனக்கென வந்த பரிசைச் சிறுவன் மூவருக்கும் பங்கிட்டளித்த அந்தக் காலைப்பொழுதில் ஒரு நாடு பிறந்தது.

பன்னிரு வீரரும் கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை அடைந்து அரசு நிறுவியதாகக் கதை வளர்ந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாடு; அனைத்துக்கும் பொதுவான தலைநகர் கண்ணாடி மாநகர். அரபுக் கதைகளில் படித்த பூதங்களைப் போல, தங்களையே நான்கு தலைமைப் பூதங்களாக அவர்கள் அமைத்துக்கொண்டனர். போரில் மடிந்த வீரர்களை மீண்டும் உயிர்ப்பிக்கும் ஆற்றல் அப்பூதங்களுக்கு உண்டு! தாயையும் இரு தமக்கையரையும் கல்லறைக்கு அளித்த குழந்தைகள், இறப்பைத் திருப்பியனுப்பும் வல்லமையைத் தங்கள் விளையாட்டில் தாங்களே எடுத்துக்கொண்டனர். யாயீரின் மகளை இயேசு கைப்பிடித்து எழுப்பிய நற்செய்தியைச் செவியுறும் நமக்கு, அப்பிஞ்சு உள்ளங்களின் ஏக்கம் விளங்காமற் போகுமா?

1829 சனவரியில் பிரான்வெல் ஒரு கையெழுத்து இதழைத் தொடங்கினான். அவ்வாண்டிலேயே அதன் ஆசிரியப் பொறுப்பு சார்லட்டிடம் வந்தது. பொம்மை வீரர்கள் படிப்பதற்கென்றே செய்யப்பட்டமையால், அவ்விதழ்கள் தீப்பெட்டியளவே இருந்தன. கிடைத்த துண்டுத் தாள்களை ஊசிநூலால் தைத்து, அச்செழுத்தைப் போன்ற நுண்ணெழுத்தில் கதையும் கவிதையும் விளம்பரமும் எழுதினர். இன்று உருப்பெருக்கிக் கண்ணாடியின்றி அவற்றைப் படித்தல் அரிது. 1830-இல் சார்லட் எழுதிய அத்தகைய இதழொன்றை, 2019-இல் பிராண்டே சங்கத்தார் பாரிசில் நடந்த ஏலத்தில் 6 இலட்சம் யூரோவுக்கு எடுத்தனர். அக்குழந்தைகள் வாழ்ந்த குருமனை 1928 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

கூடி எழுதுகையில் பூசலும் எழாதிராது. 1831-இல் சார்லட் பள்ளிக்குச் சென்றபின், எமிலியும் ஆனும் பிரிந்து, வட பசிபிக் கடலில் கோண்டல் என்னும் தனித்தீவைப் படைத்துக்கொண்டனர். சார்லட்டும் பிரான்வெலும் 1834-இல் ஆங்கிரியா என்னும் புதிய அரசை உருவாக்கினர். அக்காவின் நாயகன் சமோர்னா. தம்பியின் நாயகன் நார்தாங்கர்லாந்து. 1836-இல் சார்லட் ஆசிரியையாக வெளியூரில் இருந்தபோது, வீட்டிலிருந்த தம்பி, சமோர்னாவின் மனைவியைக் கதையில் இறக்கச் செய்துவிட்டானோ என்று கலங்கித் தன் குறிப்பேட்டில் எழுதினாள். பிறகு தன் முறை வந்தபோது அவளை உயிருடன் மீட்டாள். கதையைக் கிழித்தெறியவில்லை; கூட்டை முறிக்கவுமில்லை. தம்பி விட்ட இடத்திலிருந்து எடுத்து எழுதினாள்.

எனினும், இனிய கற்பனைக்கும் ஓர் எல்லை உண்டு. 1839-ஆம் ஆண்டளவில் சார்லட் ஆங்கிரியாவுக்கு விடையளிக்கும் குறிப்பொன்றை எழுதினாள். நெடுநாள் பழகிய முகங்களைப் பிரிவது, சொந்த வீட்டைவிட்டு அயலூர் செல்வது போல் அவளுக்கு வருத்தமளித்தது. ஆயினும் வெளியேறினாள். பிரான்வெலால் வெளியேற இயலவில்லை. வளர்ந்தபின்னும் தன் கவிதைகளை நாளிதழ்களில் நார்தாங்கர்லாந்து என்ற பெயரிலேயே வெளியிட்டான். ஏற்ற பணிகள் நிலைக்கவில்லை. மதுவும் அபினும் அவனைப் பற்றின. கற்பனையே அவனைக் கெடுத்தது என்று கூறுதல் நேர்மையாகாது. அதே கற்பனையில் வளர்ந்தவர்கள்தாமே அவன் சகோதரியரும்! நனவுலகில் தோல்வி நேர்ந்தபோது நிற்க வேறு தரை அவனுக்கு வாய்க்கவில்லை என்பதே உண்மை.

சகோதரியர் மூவரும் 1846-இல் ஆண்பெயர் போல ஒலிக்கும் புனைபெயர்களில், தம் செலவில் ஒரு கவிதை நூலை வெளியிட்டனர். முதலாண்டில் விற்றவை இரண்டே படிகள்! அவர்கள் தளரவில்லை. இரவுதோறும் உணவறை மேசையைச் சுற்றி நடந்தவாறே, எழுதியவற்றை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டித் திருத்திக்கொண்டனர். 1847-இல் சார்லட்டின் 'ஜேன் அயர்', எமிலியின் 'உதரிங் ஹைட்ஸ்', ஆனின் 'ஆக்னஸ் கிரே' ஆகிய மூன்று புதினங்களும் வெளிவந்தன. ஒருகாலத்தில் இதழ் தொடங்கிய தம்பிக்கு அச்செய்தியைக் கூறினால் அவன் உள்ளம் உடைந்துவிடும் என்று அஞ்சி, அவனிடம் மறைத்தனர். அதனை அறியாமலே 1848 செப்டம்பரில், தன் 31-ஆம் வயதில், பிரான்வெல் இறந்தான். இறுதி வேளையில் தந்தை படுக்கையருகே சொல்லிய செபத்திற்கு அவன் 'ஆமென்' என்று மறுமொழி கூறியதைத் தன் காதால் கேட்டதாகச் சார்லட் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறாள். அவள் துயரத்திற்கு அந்த ஒரு சொல்லே மருந்தாயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில் எமிலியும், 1849 மே மாதத்தில் ஆனும் காசநோயால் மறைந்தனர். நால்வர் நடந்த வீட்டில், மேசையைச் சுற்றி ஒருத்தியே நடந்தாள். மாண்டவரை எழுப்பும் பூதமாக அவள் இனி விளையாட இயலாது. ஆனால் தன்னால் இயன்றதொன்றைச் செய்தாள். 1850-இல் தங்கையரின் நூல்களைப் புதிதாகப் பதிப்பித்து, புனைபெயர்களுக்குள் மறைந்திருந்த அவ்விருவரும் யாவர் என்பதை முன்னுரையில் உலகுக்கு உரைத்தாள். கூட்டாகத் தொடங்கிய எழுத்தில் எஞ்சியிருந்த கடைசிப் பங்கையும் அவளே நிறைவேற்றினாள். 1855-இல் அவளும் மறைந்தாள். மக்கள் அறுவரையும் மனைவியையும் அடக்கம் செய்தபின்னும், தந்தை 1861 வரை அந்தப் பங்கிலேயே பணியாற்றினார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் மாலைவேளையில் ஓர் ஏட்டைச் சுற்றியமர்ந்து இல்லாத ஊருக்குப் பெயரிட்டுக்கொண்டிருந்தால், வீண்வேலை என்று அதனைப் பிடுங்காதீர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் மதித்துத் தொடரும்போது, தன்முனைப்பு தணிந்து உடன்பிறந்த அன்பு வேரூன்றுகிறது. ஏடும் எழுதுகோலும் சிறிது ஓய்வும் அளியுங்கள். அவ்வப்போது அருகமர்ந்து கேளுங்கள். அவர்களுள் ஒருவன் தன் கற்பனைக்குள்ளேயே தனித்து ஒடுங்குவதைக் கண்டால், கடிந்துரைக்காமல் கைப்பிடித்துக் குடும்பத்தின் நடுவே அழைத்து வாருங்கள். பிரான்வெல் அன்று பங்கிட்டளித்தவை பன்னிரு மரப்பொம்மைகளே. நம் பிள்ளைகளிடத்தும் பங்கிடும் மனம் இருக்கிறது. அதனைக் காத்து வளர்ப்பது நம் கடமை.